சிவப்புக் கம்புகளுக்கு அப்பால்

காலையில் எழுந்ததும் ஏசியை நிறுத்துகிறேன். குளிக்கிறேன். ஒரு டம்ளர் காபி. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு டூட்டிக்குக் கிளம்புகிறேன். அமீரகத்தின் புஜைரா துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளுக்கு நான் சேஃப்டி ஆபீசர். யார் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று சொல்வதுதான் வேலை.

லிஃப்டில் கீழ்வீட்டு பத்மா அக்கா பார்த்தால் கேட்டுவிடுவார்.

"மஹதி கடைசியா என்னப்பா சொன்னா?"

"எவ்வளவு அழகுன்னு சொன்னாக்கா."

கண்ணைத் துடைத்துக்கொள்வார். அவருக்கு அது போதும்.

மஹதி என் மனைவி. துருவ ஒளியைப் பார்க்க வேண்டும் என்று நச்சரித்தாள். பார்க்க அல்ல, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள. ஒட்டகத்தோடும் உயரக் கட்டடங்களோடும் நின்றாயிற்று. இது ஒன்றுதான் பாக்கி. ஃபின்லாந்து போனோம். அங்கே கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கென்று ஒரு கிராமம். தாடிக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார, வளர்ந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இவளும் நின்றாள்.

சாயங்காலம் பக்கத்திலிருந்த உறைந்த ஏரிக்குக் கூட்டிப்போனார்கள். கைடு பேசும்போது இவள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் காதுகொடுத்துக் கேட்டேன். ஆறு வந்து சேரும் பக்கம் பனிக்கட்டி மெலிசு. சிவப்புக் கம்புகளைத் தாண்டக் கூடாது.

ஒளி வந்தது. கண்ணுக்குச் சாம்பல் நிறம், லாரிப் புகை மாதிரி. கேமராவில்தான் பச்சை.

"எவ்ளோ பச்சை பாருங்க" என்றாள், ஃபோனைப் பார்த்துக்கொண்டே. வானத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குப் பொய் பிடிக்காது. அப்போதுதான் முடிவு செய்தேன். கோபம் எதுவுமில்லை.

மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஃபோனை என்னிடம் நீட்டினாள்.

"வானம் முழுசா வரணும்ங்க."

"அப்ப இன்னும் பின்னாடி போ."

சிரித்தபடி, என்னைப் பார்த்தபடியே பின்னால் நடந்தாள். நான் தள்ளவில்லை. தொடவும் இல்லை. கையால் காட்டினேன், அவ்வளவுதான். அந்த ஊர் போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டது. படம் நன்றாக வந்திருந்தது. காரியத்தன்று அதற்குத்தான் மாலை போட்டார்கள். அதிலும் வானம் பச்சை.

அழகைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. குதிகால் ஒரு கம்பில் இடிக்க, நின்றாள்.

"கைடு என்னமோ சொன்னாரே, நீங்க கேட்டீங்கல்ல? இதுக்கு மேல போலாமா?"

"போலாம்" என்றேன்.

"சேஃப்டி ஆபீசரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன."