புகை ஏறாத பீர்

புகைப்பீரை முதல் மடக்கில் எடைபோடக் கூடாது, ஐயா. முதலில் சுட்ட பன்றித்தொடை வாடைதான் அடிக்கும். மூன்றாவது மடக்கில்தான், விறகுப் புகையில் உலர்த்திய முளைப் பார்லியின், அந்த மால்ட்டின், இனிப்பு தலைகாட்டும். பாம்பெர்க் வட்டாரப் பத்திரிகையில் முப்பத்தொரு வருஷம் வாராவாரம் இதைத்தான் எழுதினேன்.

அதில் கடைசி ஒன்பது வருஷம் எனக்கு எந்த வாடையும் தெரியாது. ஒரு காய்ச்சல் மூக்கைக் கொண்டுபோய்விட்டது. அது என் மனைவி ஒட்டிலியாவுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மடக்கு குடித்துக் கண்ணை மூடி, "ஈர விறகு, அதுக்குப் பின்னால கறுப்பு ரொட்டியோட கருகின ஓரம்" என்பாள். நான் எழுதுவேன். என் பெயரில் வரும். அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. நான் கேட்டதும் இல்லை.

போன பிப்ரவரியில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை. அவள் சொல்லி நான் குறித்த நோட்டுகள் இருந்தன. பழைய வார்த்தைகளைப் புதுப் பீர்களுக்குப் போட்டேன். எழுதும்போது அவள் குரல் கேட்கும். எனக்கு அது போதும்.

எங்கள் ஊரில் பீர் காய்ச்சுகிற வென்செல் என் ஐம்பது வருஷ சிநேகிதன். அக்டோபரில் வழக்கம்போல ஒரு புட்டி அனுப்பினான். பீச் மர விறகின் புகை இவ்வளவு பதமாக இறங்கியதில்லை என்று எழுதினேன். அச்சானதும் வரச்சொன்னான். பாறையைக் குடைந்த பீர் நிலவறை வாசலில் வைத்துச் சொன்னான்.

"இந்தத் தடவ மால்ட்டுக்குப் புகையே போடலடா. அடுப்பு ரிப்பேரு."

இதுவரை யார் ருசி பார்த்தது என்பது இப்போது புரிகிறது என்றான். யாரிடமும் சொல்ல மாட்டானாம்.

"இனிமே நான் குடிச்சுப் பாத்துச் சொல்றேன், நீ எழுது. அவ சொல்லுவால்ல, அதே மாதிரி."

அவன் கண் கலங்கியிருந்தது. கேலி செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். அவள் இடத்தில் வந்து உட்காருகிறேன் என்கிறான், ஐயா. அதை நான் எப்படி விடுவது?

இன்றைக்கே ஆரம்பிக்கலாம் என்றான். நுரைக்கிற பீர் விடும் காற்று கீழே தேங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆளைக் கொன்றுவிடும். அதனால் ஒருவர் முதலில் மெழுகுவத்தியோடு இறங்கிப் பார்ப்பது வழக்கம். சுடர் அணைந்தால் அன்று யாரும் இறங்குவதில்லை. முழங்கால் வலியால் அவனால் இரண்டு தடவை ஏறி இறங்க முடியாது. நான் போனேன். படி திரும்பும் இடத்தில் கையைத் தாழ்த்தினேன், சுடர் அணைந்தது.

இரண்டு படி மேலே ஏறி, தீக்குச்சி கிழித்து மறுபடி ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"எரியுது, போ" என்றேன்.

என் தோளைத் தட்டிவிட்டு இரண்டு குவளைகளோடு பீர் பிடிக்க இறங்கினான்.

அவன் சாவை நீங்கள் விபத்து என்று எழுதி வழக்கை முடித்துவிட்டீர்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து நோட்டைத் திறந்தால் ஒட்டிலியாவின் குரல் வருவதில்லை. அதனால்தான் வந்தேன்.

சத்தம் ஏதும் கேட்டதா என்று அன்று கேட்டீர்கள். இல்லை என்றேன். "அலோய்ஸ்" என்று என் பேர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டான். எனக்குப் போனது மூக்குதான், ஐயா. காது நன்றாகவே கேட்கும்.