வெள்ளிக்கிழமை ஆறும் கிணறு

எனது பெயர் ஜெமீல் பாத்திமா றுமானா. வயது பதினைந்து. கல்முனைக்குடி வயலோரத்தில், நெல் அவிக்கும் ஆலையின் பின்மதிலை ஒட்டிய வீட்டில் வசிக்கிறேன். தரம் பத்தில் படிக்கிறேன். அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை. வீட்டார் உறங்கிய பின் குசினி அடுப்பருகே இருந்து இதை எழுதுகிறேன். யாரும் சொல்லித் தரவில்லை.

சென்ற மாதம், பூமிக்கடியிலுள்ள சூட்டில் மின்சாரம் எடுக்கலாமா என்று ஆராயும் குழுவொன்று வந்தது. மஹாஓயா வெந்நீர் ஊற்றுக்குக் கீழுள்ள பாறைப்பிளவு கடற்கரைப் பக்கமும் நீள்கிறதா என்று அறிய, கிணறு கிணறாக வெப்பம் அளந்தார்கள். மற்றக் கிணறுகள் இருபத்தொன்பது பாகை காட்டின. எங்களுடையது முப்பத்தேழு காட்டியது. அதன் பிறகு எங்கள் வளவில் துளையிடத் தீர்மானித்து, மணிக்கொரு தடவை வெப்பத்தைத் தானே பதியும் சிறு கருவியைக் கிணற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். அதற்குப் பொறுப்பானவர் மருதமுனையைச் சேர்ந்த உதவியாளர் ஹிஷாம்.

என் வாப்பா அந்த ஆலையில் பொயிலர் வேலை செய்கிறார். நெல் அவித்த கொதிநீரை வாய்க்காலில் விட வேண்டாமென்று விவசாயிகள் தடுத்த பின், அது மதிலோரக் குழியில் விடப்படுகிறது. குழிக்கும் எங்கள் கிணற்றுக்கும் எட்டடி தூரம். விடச் சொன்னவர் ஆலை முதலாளி. திறந்துவிடுபவர் என் வாப்பா. வெள்ளிக்கிழமை ஆலை பூட்டு.

கடந்த வியாழக்கிழமை ஹிஷாம் வாப்பாவிடம் சிரித்துக்கொண்டு, "ஜெமீல் காக்கா, கையால தொட்டுப் பாத்தாலே தெரியுது, உங்கட கிணறு வெள்ளிக்கிழமையில மட்டும் ஆறுதே, பூமிக்கும் ஜும்ஆ லீவா? சனிக்கிழமை கருவியக் கழட்டிப் பாத்தா விளங்கும்" என்றார். வாப்பாவும் சிரித்தார். அதன் பிறகு வாப்பாவின் தேத்தண்ணி ஆடை படியும்வரை அப்படியே இருந்தது.

மறுநாள் வாப்பா ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தபோது, பகல் பன்னிரண்டரை மணியளவில், நான் கயிற்றை அறுத்துக் கருவியை எடுத்து அரிசிப் பெட்டிக்குள் புதைத்தேன். சூடு ஆலைக் கொதிநீரால் வருவது தெரிந்து ஆலையைப் பூட்டினால் வாப்பாவுக்கு வேலை போய்விடும் என்று பயந்தேன். அன்றிலிருந்து உம்மாவை விடாமல் நானே அரிசி அள்ளிக் கொடுக்கிறேன்.

சனிக்கிழமை கிணற்றில் கருவியைக் காணவில்லை என்றதும், ஹிஷாம் அதைக் களவெடுத்ததைத் தான் கண்டதாக முதலாளி முறைப்பாடு செய்ததால் பொலிஸார் ஹிஷாமைக் கொண்டுபோனார்கள். இன்று மாலை முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்து, "நாளைக்குப் பொலிஸில நீயும் கண்டதெண்டு சொல்லு ஜெமீல்" என்றார். வாப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம் முதலாளி" என்றார்.

வாப்பா பொலிஸ் நிலையத்துக்கு வருவதற்கு முன் நான் வருவேன். கருவியை இத்துடன் ஒப்படைக்கிறேன். ஹிஷாம் அதைத் தொடவில்லை. அதைத் திறந்து முன்னைய வெள்ளிக்கிழமைகளைப் பார்க்கவும். கடைசி வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்குப் பின் பதிந்திருப்பது எங்கள் அரிசிப் பெட்டியின் சூடு. அதைக் கிணற்றோடு சேர்க்க வேண்டாம்.

இதில் நான் காணாதது எதையும் எழுதவில்லை, கண்டது எதையும் விடவில்லை. வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடுகிறேன்.

ஜெ. பா. றுமானா