கை ரெண்டு, கணக்கு ஒண்ணு

நாத்தனார்: ...அசையாதீங்க அண்ணி, காதுல வழியுது.

அண்ணி: நாற்காலிய ஏன் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிருக்க? கண்ணாடி பாக்க விடு.

நாத்தனார்: கண்ணாடி பாத்தா உங்களுக்குப் பேச்சு வராது. மூணு மணிக்குத்தானே டெமோ கிளாஸ்?

அண்ணி: ம்... மூணு மணிக்கு.

நாத்தனார்: இந்தத் தடவையாவது வேலை நிரந்தரம் ஆகுமா?

அண்ணி: ஆகணும்டி. தற்காலிக டீச்சர், தற்காலிக டீச்சர்னே தலை நரைச்சுப் போச்சு. அதை மறைக்கத்தான் உன் பார்லருக்கு வந்து உக்காந்திருக்கேன். கழுவி விடு.

நாத்தனார்: கழுவலாம்... கழுவலாம். அதுக்குள்ள பாடத்தை ஒரு தடவை என்கிட்ட நடத்துங்க.

அண்ணி: உன்கிட்டயா? கெமிஸ்ட்ரி பீரியட்ல முன் பெஞ்சுக்காரி ஜடையைப் பின்னிக்கிட்டிருந்தவதானே நீ?

நாத்தனார்: அதுலதான் இன்னைக்குப் பொழப்பு ஓடுது. என்ன பாடம்?

அண்ணி: இணைதிறன், ஆக்சிஜனேற்ற எண்.

நாத்தனார்: பேரைக் கேட்டாலே தூக்கம் வருது.

அண்ணி: சரி, என் தலையில என்ன பூசியிருக்க?

நாத்தனார்: ஏன்... எரியுதா?

அண்ணி: பெராக்சைடு இருக்குல்ல அதுல?

நாத்தனார்: இருக்கு... இருக்கு.

அண்ணி: முதல்ல தண்ணிய எடுத்துக்கோ. ஆக்சிஜனுக்கு ரெண்டு கை. கைக்கு ஒரு ஹைட்ரஜனைப் பிடிச்சிருக்கு. எத்தனை கை பிடிச்சிருக்கோ அதுதான் இணைதிறன். ரெண்டு.

நாத்தனார்: பெராக்சைடுல?

அண்ணி: அங்க ஆக்சிஜனே ரெண்டு பேர். ஒவ்வொருத்தரும் ஒரு கையில ஹைட்ரஜனை, இன்னொரு கையில பக்கத்து ஆக்சிஜனைப் பிடிச்சிருக்காங்க.

நாத்தனார்: அப்பவும் ரெண்டு கைதானே?

அண்ணி: ஆமா, இணைதிறன் அதே ரெண்டு. ஆனா ஆக்சிஜனேற்ற எண் கையை எண்ணாது. யாரு யாரோட எலக்ட்ரானை அமுக்கினாங்கன்னு பாக்கும்.

நாத்தனார்: நிஜமாவே அமுக்கிடுமா?

அண்ணி: தன் பக்கம் இழுத்து வச்சுக்கும், அவ்ளோதான். முழுசா அமுக்கினதா வச்சுக்கிட்டு நாம எழுதுற கணக்கு அது. ஹைட்ரஜன் அப்பாவி. தண்ணியில ரெண்டு அப்பாவி மாட்டிச்சு. அதனால மைனஸ் ரெண்டு.

நாத்தனார்: வந்த சரக்குக்கு மைனஸா?

அண்ணி: எலக்ட்ரானே மைனஸ் சரக்குதான். குறுக்க பேசாத... பெராக்சைடுல ஒரு கையில அப்பாவி. இன்னொரு கையில தன்னை மாதிரியே ஒரு கேடி. கேடிகிட்ட கேடி என்னத்த அமுக்கும்? அந்தப் பக்கம் பூஜ்யம். ஆக மொத்தம் மைனஸ் ஒண்ணு.

நாத்தனார்: கையைப் பிடிச்சும் ஆதாயம் பூஜ்யம். எங்க அண்ணனைக் கட்டிக்கிட்ட மாதிரி.

அண்ணி: நீதான் சொல்ற. நான் சொல்லல.

நாத்தனார்: புரிஞ்சுது அண்ணி. நெஜமாவே புரிஞ்சுது... அந்தக் கேடி அப்புறம் சும்மா இருக்குமா?

அண்ணி: எங்க இருக்கும்? இன்னும் ஒண்ணு வேணும்னு அலையும். முடியில இருக்குற நிறத்துகிட்டேர்ந்து பிடுங்கி, மைனஸ் ரெண்டு ஆனாத்தான் அடங்கும்.

நாத்தனார்: பிடுங்கினதைத் திருப்பிக் குடுக்காதா?

அண்ணி: குடுக்காது. போன நிறம் போனதுதான்.

நாத்தனார்: ...ம்.

அண்ணி: என்ன ம்?

நாத்தனார்: இவ்ளோ அழகா நடத்துறீங்களே... உங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாங்க அந்த வேலையை...

அண்ணி: ஏய், எதுக்கு அழற?

நாத்தனார்: பப்பாளி அண்ணி.

அண்ணி: எது?

நாத்தனார்: உங்க தலை. பழுத்த பப்பாளி நிறம். என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் பாடம் கேட்டுக்கிட்டே இருந்தேன். சாயத்துல கலக்குற பாட்டிலை விட்டுட்டு, முடியை வெளுக்க வைக்கிற பாட்டிலை எடுத்துட்டேன். ஒரே மூடி, ஒரே வாசனை. ரெண்டும் ஒண்ணுதானேன்னு ஊத்திட்டேன்... இந்தத் தலையோட எப்படிப் போய் நிப்பீங்க?

அண்ணி: ...கண்ணாடிப் பக்கம் திருப்பு.

நாத்தனார்: திட்டிடுங்க அண்ணி. இப்படிச் சும்மா பாக்காதீங்க... என்ன, சிரிக்கிறீங்களா?

அண்ணி: மூணு மணிக்கு ஒண்ணும் இல்லடி. டெமோ காலையிலேயே முடிஞ்சுது. வீட்டுக்குப் போய்ச் சொல்ல தைரியம் வரல, அதான் இங்க வந்து உக்காந்தேன். இணைதிறனுக்கும் ஆக்சிஜனேற்ற எண்ணுக்கும் என்ன வித்தியாசம்னு கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு கேட்டா. பதட்டத்துல... ரெண்டும் ஒண்ணுதான்னு போர்டுல எழுதிட்டு வந்துட்டேன்.