மாராக்காளின் மூடுன கை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, கரும்பு விளையுற வேலாங்காட்டுல மாராக்காள்னு ஒருத்தி இருந்தாளாம். ஆலையில மாடு சுத்தச் சுத்த, உருளைக்குள்ள கரும்பு குடுக்குறவ. ஒருநாள் கரும்போட அவ வலது கையும் உள்ள போயிருச்சு. மணிக்கட்டோட வெட்டித்தான் அவளை எடுத்தாங்களாம். நசுங்குன கையைக் கொண்டுபோய் வாய்க்கா மேட்டுல புதைச்சாங்க.

புண்ணு ஆறுச்சு. வலி ஆறலை.

“என் கை மூடிக்கிட்டே இருக்கு. நகம் உள்ளங்கையில குத்துது. திறக்க முடியலையே!”ன்னு அழுதாளாம்.

“எந்தக் கை?”ன்னான் புருஷன் பெரியண்ணன்.

“இல்லாத கை.”

ஊரு என்ன சொல்லுச்சு? பேய்னு சொல்லுச்சு. வேலைக்குச் சோம்பல்னு சொல்லுச்சு. அமாவாசைக்குச் சாட்டையால அடிச்சு ஓட்டலாம்னு பூசாரி நாள் குறிச்சுட்டாரு. பெரியண்ணனும் தலையாட்டிட்டான். ஒரு கிழவர் மட்டும், “புதைச்ச கை மூடியிருக்கும். தோண்டி விரலை நிமித்துங்க, சரியாப் போகும்”னாராம்.

மாராக்காளுக்கு வலியைவிட யோசனை பெருசாச்சு. புருஷனோட தங்கச்சி குப்பாயியைக் கூப்பிட்டா. “அவரு சொன்னபடி தோண்டச் சொல்லு. ஆனா என்னைக்குத் தோண்டுறீங்கன்னு எங்கிட்டச் சொல்லாதே. வலி அந்தக் கையிலதான்னா, நிமித்துன உடனே எனக்கே தெரியணுமில்ல?”

ஒரு நாள் போச்சு, வலிச்சுது. ரெண்டு நாள் போச்சு, வலிச்சுது. அஞ்சாம் நாளும் வலிச்சுது.

“நங்கை, முந்தாநாளே அண்ணன் தோண்டி நிமித்திருச்சு”ன்னா குப்பாயி.

“அப்போ வலி மண்ணுல இல்லை. இங்கயோ கையே இல்லை. பின்னே எங்கதாண்டி வலிக்குது?” கேட்டவ சிரிச்சுட்டாளாம். “கை போன சேதி என் மனசுக்கு இன்னும் போய்ச் சேரலையோ? அப்போ மனசுக்கு ஒரு கையைக் காட்டித்தான் திறக்கணும்.”

குப்பாயியைப் பின்னால உக்கார வெச்சா. முந்தானையைச் சேத்துப் போத்தி, தன் கை இருக்க வேண்டிய இடத்துல அவ கையை நீட்டச் சொன்னா.

“மூடு.”

மூடுனா.

“இப்போ மெல்லத் திற.”

ஒவ்வொரு விரலா விரிஞ்சுது. மாராக்காள் கண்ணு கொட்டாமப் பாத்தா.

“அடியே குப்பாயி, திறக்குதுடி!”

அமாவாசைக்குச் சாட்டையோட வந்த பூசாரியை, அவ வலி தணிஞ்சதைக் கண்ட பெரியண்ணன் வாசல்லயே மறிச்சு அனுப்பிட்டானாம்.

வலி ஒரேயடியாப் போகலை. வர்றப்பல்லாம் குப்பாயி கை குடுத்தா. கட்டிக்கிட்டுப் போன ஊருலருந்தும் நடந்து வந்து குடுத்தா. ‘மனசு உடம்புக்குள்ள இருக்கா, உடம்புதான் மனசுக்குள்ள இருக்கா’ன்னு மாராக்காள் சாகுற வரைக்கும் வர்றவங்க போறவங்களைக் கேட்டாளாம்.

அந்த வாய்க்கா மேட்டுக்குக் கைமேடுன்னு பேரு நின்னுருச்சு. இன்னைக்கும் வேலாங்காட்டுல ஒருத்தர் வலிக்குதுன்னா, காயத்தைக் காட்டுன்னு கேக்க மாட்டாங்க. பக்கத்துல உக்காந்து கையை நீட்டுவாங்க.