திரும்பி வந்த கத்தரிக்கோல்

லென்ஸ்: ஹலோ... அழுக்குப் பக்கம்? ஆள் இருக்கா, இல்ல நுரையிலயே கரைஞ்சு போயாச்சா?

நுரை: இருக்கேன் தாயே, இருக்கேன். சுத்தப் பக்கத்துலேர்ந்து இப்ப எதுக்கு மணி அடிச்சீங்க?

லென்ஸ்: நடுச்சுவர் ஜன்னல்ல ஒரு கத்தரிக்கோல் வச்சிருக்கேன். எடுத்துக்குங்க.

நுரை: மறுபடியுமா? இப்பதானே கழுவி அனுப்புனேன்!

லென்ஸ்: லென்ஸ் வச்சுப் பார்த்தேன், மூட்டுகிட்ட ஒரு ரத்தப் புள்ளி. ஆபரேஷன் கத்தரிக்கோல்ங்க, துணி வெட்டுறது இல்ல. நாளைக்கு யார் வயித்துக்குள்ள போகப்போகுதோ.

நுரை: இருங்க... உங்க பக்கக் கதவைச் சாத்துனீங்களா? சாத்தலைன்னா என் பக்கம் திறக்காது.

லென்ஸ்: சாத்தியாச்சு. ரெண்டு கதவும் ஒண்ணாத் திறக்கவே கூடாதுன்னு எந்த மகராசன் கண்டுபிடிச்சானோ...

நுரை: என்னது?

லென்ஸ்: ஒண்ணுமில்ல. புள்ளி தெரியுதா?

நுரை: என் மூஞ்சிதான் தெரியுது. அவ்வளவு பளபளப்பு.

லென்ஸ்: அப்ப மூஞ்சிதான் அழுக்கு. நல்லாத் தேய்ங்க.

நுரை: வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. உங்களுக்கு லென்ஸ்னு பேர் வச்சவன் வாயில சர்க்கரை போடணும்.

லென்ஸ்: வச்சது நீங்கதானே! பதிலுக்குத்தானே நான் நுரைன்னு வச்சேன்.

நுரை: சரி சரி. தேய்க்கிறேன்... ம்... ஒரு விஷயம் சொல்லணும்.

லென்ஸ்: சொல்லுங்க.

நுரை: அடுத்த வாரம் இந்த ஜன்னலை அடைக்கிறாங்க.

லென்ஸ்: அடைக்கிறாங்கன்னா?

நுரை: சுவர் வச்சுத்தான். கழுவுற மெஷின் வருது. இந்தப் பக்கம் அழுக்காப் போனா அந்தப் பக்கம் சுத்தமா வந்துடுமாம். மணியும் வேண்டாம், போனும் வேண்டாம்.

லென்ஸ்: கையால கழுவுறதுக்கு என்ன கேடு வந்துச்சு?

நுரை: திருப்பி வர்ற சாமான் கூடிப்போச்சாம். வேற எந்த ஷிஃப்டுலயும் இல்லாத அளவுக்கு நம்ம ஷிஃப்டுல.

லென்ஸ்: ஐயையோ.

நுரை: எனக்கும் இடம் மாத்தம். சலவைப் பிரிவு. போர்வை மடிக்கணும்.

லென்ஸ்: உங்களையா! மேற்பார்வை அக்காகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?

நுரை: என் கவனம்தான் சரியில்லைன்னு ஒத்துக்கிட்டேன்.

லென்ஸ்: ஏன் ஒத்துக்கிட்டீங்க? வாய் இருந்துச்சுல்ல?

நுரை: பின்ன? லென்ஸ் பார்த்துச் சொன்னா தப்பாகுமா?

லென்ஸ்: இல்ல... அது வந்து...

நுரை: என்ன இழுக்கிறீங்க? உங்களுக்கு நல்லதுதானே. மெஷின் எதிர்த்துப் பேசாது.

லென்ஸ்: சும்மா இருங்க... இனிமே உங்களை எங்க பார்க்கிறது?

நுரை: இப்ப மட்டும் பார்க்கிறோமாக்கும்? தொப்பி, மாஸ்க், கண்ணாடி. உங்க வாசல் வேற, எங்க வாசல் வேற. சாப்பாட்டு நேரமும் வேற. எதிர்ல வந்தாக்கூட வழி விட்டுட்டுப் போயிடுவோம்.

லென்ஸ்: குரல் தெரியுமே...

அக்கா: யாரு இது, லைன்லயே குடித்தனம் நடத்துறது?

நுரை: போச்சு. அக்கா.

அக்கா: அக்காதான். மேற்பார்வைக்குன்னு ஒருத்தி இருக்கிறது ஞாபகம் இருக்கா? ஆபரேஷன் தியேட்டர்ல குழந்தை கேஸ். கருவி செட் எங்க?

லென்ஸ்: அது அப்பவே ஆவியில வெந்து, ஆறி, மேல போயாச்சுக்கா. நர்ஸம்மா வாங்கிட்டாங்க.

அக்கா: அப்ப இங்க என்ன பேச்சு?

லென்ஸ்: அக்கா... ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது.

அக்கா: அப்ப திட்டுற விஷயம்தான். சொல்லு.

லென்ஸ்: அந்தக் கத்தரிக்கோல்ல புள்ளி இல்ல.

அக்கா: எந்தக் கத்தரிக்கோல்ல?

லென்ஸ்: இப்ப திருப்பி அனுப்புனதுல. நேத்து அந்த இடுக்கியில. அதுக்கு முன்னாடி... திருப்பி அனுப்புனதுல பாதிக்கு மேல புள்ளியே இல்லக்கா. அவர் கழுவுனா கழுவுனதுதான். அவரைச் சலவைக்கு அனுப்பாதீங்க.

அக்கா: அடிப்பாவி! சுத்தமா இருக்கிறதை எதுக்குடி திருப்பி அனுப்புன?

லென்ஸ்: திருப்பி அனுப்புனாத்தானேக்கா மணி அடிக்கலாம்... ஆனா அழுக்கா இருந்ததை ஒரு தடவைகூட விட்டதில்லக்கா. சத்தியமா.

அக்கா: விட்டிருந்தா நீ எப்பவோ வீட்டுக்குப் போயிருப்ப. ஏம்மா, ஒரு ஆளோட பேசணும்னா டீ குடிக்கக் கூப்பிடுவாங்க. நீ மணி அடிச்சு மணி அடிச்சுச் சுவரையே எழுப்ப வச்சிட்டியே!

லென்ஸ்: மெஷினை வேண்டாம்னு சொல்ல முடியாதாக்கா?

அக்கா: ஆர்டர் போட்டாச்சு, வரும். அதுக்குச் சாமானைப் பிரிச்சு அடுக்க நல்ல கை வேணும், இவன் இங்கேயே இருக்கட்டும். நீ உன் லென்ஸை அங்க வச்சிட்டுக் கிளம்பு.

லென்ஸ்: வேலையை விட்டேவா?

அக்கா: அழுக்குப் பக்கத்துக்கு! திங்கக்கிழமையிலேர்ந்து இவன்கூட நின்னு, மெஷினுக்குப் போறதுக்கு முன்னாடி ரத்தமும் சதையும் ஒட்டினதைத் தேய். அப்பதான் கழுவுறவன் அருமை தெரியும். இது தண்டனை, ரெண்டு பேரும் சிரிக்கக் கூடாது. வைக்கிறேன்.

லென்ஸ்: ...போயிட்டாங்களா?

நுரை: போயிட்டாங்க.

லென்ஸ்: கோபமா? உங்க பொழப்புலயே மண்ணை அள்ளிப் போடப் பார்த்தேன். நீங்க என்னடான்னா, என் கண்ணை நம்பிப் பழியைத் தலையில போட்டுக்கிட்டீங்க.

நுரை: உங்க கண்ணை யாரு நம்புனா?

லென்ஸ்: என்ன?

நுரை: என் மேசையிலயும் ஒரு லென்ஸ் இருக்குங்க. அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்ப்பேன். திரும்பி வந்ததும் ஒரு தடவை. புள்ளியும் இருக்காது, ஒரு மண்ணும் இருக்காது.

லென்ஸ்: அடப்பாவி மனுஷா! தெரிஞ்சேவா திரும்பத் திரும்பக் கழுவுனீங்க? அக்கா கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே!

நுரை: சொல்லியிருந்தா அன்னைக்கே மணி நின்னிருக்கும்... போர்வைதானே, மடிச்சுக்கலாம், இன்னும் ஒரு வாரம் அடிக்கட்டுமேன்னு இருந்துட்டேன்.