கனடாக் குளிசை

சாவகச்சேரியில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இருந்த அம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

"மருந்தைக் குறைச்ச பிறகுதான் தங்கச்சி, என்ரை மனிசன் எழும்பி நடக்கிறார்."

"என்னக்கா சொல்லுறியள்?"

"ஓம். எழும்பினாத் தலைசுத்தி விழுறார் எண்டு ஆசுப்பத்திரி வாட்டில மறிச்சு வைச்சவை. நாலு நாளைக்கு முன்னம் மருந்து குடுக்கிற பாமசிப் பிள்ளை கட்டிலடிக்கே வந்தா. இப்ப அவையும் டொக்டரோடை வாட்டுச் சுத்தி வருகினம். வீட்டில குடிக்கிற மருந்து முழுக்கக் கொண்டுவாங்கோ எண்டா. பையோடை கொண்டுபோய்க் கொட்டினன்."

"பிறகு?"

"கிளினிக்கில தந்த பிறசர்க் குளிசையும், மகள் கனடாவிலயிருந்து அனுப்பினதும் ஒரே மருந்தாம். பேர்தான் வேறை. நான் ரெண்டையும் காலமையில ஒண்டாக் குடுத்து வந்திருக்கிறன். அதிலதான் பிறசர் கீழ இறங்கித் தலைசுத்தினதாம். அந்தப் பிள்ளை டொக்டரோடை கதைச்சு ஒண்டை நிப்பாட்டுவிச்சா. நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டை விடுகினம்."

"மகளுக்குச் சொன்னனீங்களோ?"

"எந்த வாயால சொல்லுறது? நீ அனுப்பின குளிசையிலதான் அப்பா எழும்பினவர் எண்டு சொல்லிப்போட்டன். அவள் சந்தோசத்தில அழுதுபோட்டு, இன்னும் மூண்டு போத்தில் அனுப்புறாளாம்."

மற்றவர் சிரித்துவிட்டார்.

"சிரியாதை தங்கச்சி. பாசல் வந்தா, அந்தப் பாமசிப் பிள்ளையின்ரை மேசையில வைச்சுத்தான் உடைப்பன்."