ஆர்வில் விற்ற பிக்கப்

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் யாரோ முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். காலைக் குளிரில் அது போடும் சத்தம் உங்கள் காதில் விழக் கூடாது என்று அர்த்தம். ஆர்வில் ஹஃப் வீட்டு முற்றத்தில் நின்ற வண்டியின் பானெட் ஜில்லென்று இருந்தது. ஆர்வில் நேர்மையானவர். தெரிந்தே விற்றாரா என்று கேட்டீர்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் பென்சில்வேனியா மலைப் பக்கத்தில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். பனி கரையும், கூடவே வண்டிகளின் அடிவயிறும் கரையும். அதனால் முதல் பனிக்கு முன்பே பழைய இன்ஜின் ஆயிலை அடிச்சட்டம் முழுக்கப் பீய்ச்சி, மண் சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவோம். புழுதி ஒட்டிக் கறுப்புத் தோலாகப் படிந்துவிடும். நல்ல பழக்கம்தான். ஆனால் தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது துடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

துடைத்துப் பார்க்க ஊரில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கதவின் அடிவிளிம்பில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்பேன்; ஒட்டாவிட்டால் துருத் துளையைப் பூச்சால் அடைத்திருக்கிறார்கள். அட்டையை விரித்துக் கீழே படுத்து, சட்டத்தைச் சுத்தியலால் தட்டுவேன். கடைசியில் இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்து அதன் மேல் ஏறி நிற்பேன். வெடிக்கிற பிரேக் குழாய் நின்ற இடத்திலேயே வெடிக்கட்டும் என்பது என் கொள்கை. வெர்ன் மிதித்துத் தாங்கிய வண்டியைக் கரடி மிதித்தாலும் ஒன்றும் ஆகாது என்று கேலி பேசுவார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு.

அந்த வண்டி என் மருமகன் டாமியனுக்காக. அரிசோனாக்காரன். அங்கே சாலையில் உப்பே கிடையாது என்று சொல்லிக்கொண்டே இருப்பான். கல்யாணத்துக்குப் பிறகும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவான். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை. எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை. என் மகள் டெஸ்ஸாவை அரிசோனாவுக்குக் கூட்டிப்போகப் போகிறான், அவ்வளவுதான். அவளுடைய அம்மா இறந்த பிறகு எங்கள் வீட்டில் நானும் அவளும் மட்டும்தான்.

"சார், கீழ ஆயில் சொட்டுதே, இன்ஜின் ஒழுகுதா?" என்று அவன் பதறினான்.

"ஒழுகல் இல்லப்பா, நாங்க பூசுற தைலம்," என்றார் ஆர்வில். "உங்க ஊரு வெயிலுக்கு நீ மூஞ்சில அப்பிக்கிறியே, அது மாதிரி."

நான் கீழே போனேன். சட்டம் மணி போல ஒலித்தது. பெட்ரோல் டாங்குக்கு மேலே, கை மட்டும் நுழைகிற இடத்தில், பிரேக் குழாய்கள் போகும். கந்தலால் துடைத்தேன். குழாய்கள் துருவேறி, ஊறிய ரொட்டி போல உப்பியிருந்தன. நகத்தை வைத்தேன், இறங்கியது.

கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன். அவனுடைய பூட்ஸ் தெரிந்தது. பக்கத்தில் டெஸ்ஸாவின் காலணிகள், குதிகால் எம்பி நின்றன.

"அப்பா, கீழயே தூங்கிட்டீங்களா? வண்டி தேறுமா, தேறாதா?"

"தேறும்மா," என்றேன். துடைத்த இடத்தில் பக்கத்து ஆயிலை வழித்து உள்ளங்கையால் மறுபடி பூசினேன்.

ஆர்வில் விடவில்லை. "என்ன வெர்ன், இன்னிக்கு மிதிக்கலயா? முட்டி வலியா?"

"நீ காபி எடுக்க உள்ள போனப்பவே மிதிச்சாச்சுய்யா."

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். வண்டி வழியில் மக்கர் பண்ணும், திரும்பி வருவார்கள், பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஊர் பேர் தெரியாத இடத்தில் நின்று அவர்கள் திண்டாடக் கூடாது. அதனால் பெருஞ்சாலையில் வேலை நடக்கிறது, பக்கத்துக் குவாரி இறக்கம் வழியாகப் போங்கள் என்றேன். பிக்கப்புக்குப் பின்னால் மாட்டிய ட்ரெய்லரில் சாமான்களை நானே ஏற்றினேன். அவள் அம்மாவின் வார்ப்பிரும்பு அடுப்பையும் ஏற்றினேன். அவள் அதைக் கேட்கவில்லை.

டெஸ்ஸா தன் சின்னக் காரில் பின்னால் வருவதாக ஏற்பாடு. டாங்கை நிரப்பி வைத்தேன். "ரொம்பத் தள்ளியே வாம்மா, ட்ரெய்லர்லேருந்து கல்லு தெறிக்கும்," என்றேன். வண்டி வெறுமனே மக்கர் பண்ணும் என்று நினைப்பவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். நீங்கள் இதை முதலிலேயே கவனித்திருப்பீர்கள். எனக்கு இப்போது சொல்லும்போதுதான் தெளிவாகிறது. அவன் மட்டும் சாக வேண்டும் என்றுதான் செய்தேன்.

புறப்படும்போது அவள் தன் கார் சாவியை என் கையில் வைத்து மூடினாள்.

"உங்க வண்டியில ஹீட்டர் இல்லப்பா. குளிர்ல விறைச்சுப்போவீங்க. இத நீங்க வச்சுக்கோங்க, நான் அவன் கூடவே போறேன்."

பிக்கப்பில் ஏறிக் கண்ணாடியை இறக்கினாள். நான் வாயைத் திறந்தேன். நிதானமாக யோசித்தேன். சொன்னால் அவர்கள் வேறு வண்டி பிடித்துப் போவார்கள்; அவள் என் முகத்தில் இனி விழிக்க மாட்டாள். சொல்லாவிட்டால், பிழைக்கவும் வாய்ப்பு உண்டு. கையை அசைத்தேன்.

பாதி இறக்கத்தில் பிரேக் விட்டுப்போனது; அடியில் மோதிய இடத்திலேயே டாமியன் செத்துப்போனான். டெஸ்ஸா பிழைத்தாள். கழுத்துக்குக் கீழே அசைவில்லை, பேச்சும் இல்லை. ஆனால் சொல்வதெல்லாம் புரியும் என்கிறார்கள் டாக்டர்கள். அவளுடைய பழைய அறையிலேயே படுக்கை போட்டிருக்கிறேன். கோழியும் சோளமும் போட்டு சூப் வைத்து நானே ஊட்டுகிறேன். போக வேண்டும் என்று அவள் ஒரு முறைகூடக் காட்டிக்கொண்டதில்லை.

ஒரே ஒரு தொந்தரவு. நான் உள்ளே போனாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். ஜன்னல் வெளிச்சத்தில் கண் கூசுகிறது போலிருக்கிறது. தடித்த துணியில் திரை தைத்து மாட்டியிருக்கிறேன்.